உடலில் எண், ஏட்டில் பெயர்

நாயையும் பூனையையும் வீட்டில் வைத்து வளர்க்கும் மனிதன், அவற்றுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதோடு தன் கடமை நிறைவேறிவிட்டதாக நெடுங்காலம் எண்ணி வந்தான். ஆனால் நகரங்கள் பெருகி, ஒரே தெருவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நெருங்கி வாழத் தொடங்கிய பிறகு, அவனுக்கு மற்றொரு கடமையும் ஏற்பட்டது. தன் நாய் யாரையேனும் கடித்துவிட்டால் அது தன்னுடையதுதான் என்பதை மறுக்க இடமில்லாதபடியும், தன் பூனை வழி தவறிப் போய்விட்டால் அதைக் கண்டெடுத்தவர் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க ஏதுவாகவும், அந்தப் பிராணிக்கும் தனக்கும் உள்ள சம்பந்தத்தைப் பகிரங்கமாகப் பதிந்து வைக்க வேண்டிய கடமையே அது. காணாமற்போன குழந்தை நாலு வார்த்தை பேசப் பழகியிருந்தால் தகப்பன் பெயரைச் சொல்லிவிடும். வாயில்லா ஜீவனுக்காக அதைச் சொல்லும் பொறுப்பு, வளர்ப்பவனையே சேர்ந்தது.

இக்கடமை நிறைவேற இரண்டு சாதனங்கள் வேண்டும். பிராணியின் உடலை விட்டு நீங்காத ஓர் அடையாளம் ஒன்று. அந்த அடையாளத்தைக் கண்ட மாத்திரத்தில் உரியவரின் பெயரையும் இருப்பிடத்தையும் எடுத்துக் கொடுக்கவல்ல பதிவேடு மற்றொன்று. முன்னதை நம் காலத்து விஞ்ஞானம் மைக்ரோசிப் என்ற வடிவில் அளித்துவிட்டது. பின்னதையோ எந்த இயந்திரமும் தானாகச் செய்து தருவதற்கில்லை. அது மனிதரின் ஒழுங்கையும் அரசாங்கத்தின் நிர்வாகத்தையுமே நம்பி நிற்கிறது. சிப் பொருத்துவதில் சட்டங்கள் காட்டிய அக்கறையைப் பதிவேட்டைப் பழுதின்றிப் பேணுவதில் காட்டவில்லை என்பதும், பதிவேடு பொய்த்தால் உடலில் உள்ள எண்ணால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வரி, உரிமம், கழுத்துப்பட்டை, சிப் என எல்லா வழிகளையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சித்துப் பார்த்த இங்கிலாந்தின் அனுபவம், இதற்குத் தக்க பிரமாணமாக அமைகிறது.

வரியிலிருந்து உரிமத்துக்கு

பிரிட்டனில் நாய்களுக்கு வரி விதிக்கும் சட்டம் 1796இல் நிறைவேறியது. அதற்காகப் பாராளுமன்றத்தில் விடாது வாதாடிய ஜான் டென்ட் என்ற அங்கத்தினருக்கு ‘நாய் டென்ட்’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. தானியப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில் மனிதருக்குரிய உணவு நாய்களுக்குப் போகிறது என்பதும், வெறிநாய்க்கடியின் பயமும், யுத்தச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்ததும் அவ்வரிக்கு ஆதரவான நியாயங்களாயின. பின்னர் 1867இல் இவ்வரிக்குப் பதிலாக, ஆண்டுக்கு 5 ஷில்லிங் செலுத்தி ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் பெற வேண்டுமென்ற சட்டம் வந்தது. 1878இல் அக்கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸாக உயர்ந்தது. அதன் பின்பு இரண்டு மகாயுத்தங்கள் வந்து போயின. விலைவாசி பல மடங்கு ஏறியது. 1971இல் நாணய முறையே மாறியது. நாய் உரிமத்தின் கட்டணம் மாத்திரம் மாறவே இல்லை. பழைய ஏழரை ஷில்லிங்குக்குச் சமமான முப்பத்தேழு பென்ஸ் என்ற அற்பத் தொகையாகவே அது எஞ்சி, வசூலிக்கும் செலவுக்குக்கூடப் போதாத நிலையில் 1987இல் கைவிடப்பட்டது. அதன் கடைசிக் காலத்தில் நாய் வளர்ப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேரே உரிமம் வாங்கினர் என்று மதிப்பிடப்பட்டது.

இம்முறை தோற்றதற்குக் கட்டணத்தின் அற்பத்தனமும் மக்களின் அலட்சியமும் ஓரளவு காரணங்களே. அவற்றினும் ஆழமான குறை, அந்த உரிமத்தின் அமைப்பிலேயே இருந்தது. இன்னார் ஒரு நாய் வளர்க்கக் கட்டணம் செலுத்தியிருக்கிறார் என்று அந்தக் காகிதம் சொல்லிற்று. அந்த நாய் எது என்று சொல்லவில்லை. தெருவில் அகப்பட்ட நாயைப் பிடித்து வந்த காவலர், ஊரிலுள்ள உரிமங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தாலும், எந்தக் காகிதம் எந்த நாய்க்குரியது என்று அறிய மார்க்கமில்லை. ஏட்டில் பெயர் இருந்தது. உடலில் அடையாளம் இல்லை.

அடையாளத்தை உடலோடு சேர்க்கும் முயற்சியும் அந்நாட்டில் நடந்தது. 1939இல் யுத்தம் மூண்டபோது, விமானக் குண்டுவீச்சில் சிதறிப்போகும் பிராணிகளை உரியவரிடம் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்ட ஒரு தேசியக் குழு, எண் பொறித்த வில்லைகளைக் கழுத்தில் கட்டுவித்து, தொண்டர்களைக் கொண்டு பிராணிகளையும் உரியவர்களையும் பதிவு செய்தது. எண்ணையும் ஏட்டையும் இணைக்கும் இன்றைய முறையின் தத்துவம் முழுவதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. பிற்காலத்தில் 1992இல் பிறப்பித்த ஓர் ஆணை, பொது இடத்துக்கு வரும் நாயின் கழுத்துப்பட்டையில் உரியவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டுமென்று விதித்தது; அது இன்றும் அமலில் இருக்கிறது. ஆயினும் பட்டை நழுவக்கூடியது. திருடுபவன் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். வேலி தாண்டியும் மரமேறியும் திரியும் பூனையின் கழுத்திலோ அது பல நாள் தங்குவதே அரிது.

சிப்பின் இயல்பு

மைக்ரோசிப் என்பது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு கண்ணாடிக் குழாய். உடலோடு ஒவ்வக்கூடிய தனிவகைக் கண்ணாடியால் ஆனது. அதனுள்ளே மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சிறு மின்சுற்றும் இருக்கின்றன, பேட்டரி கிடையாது. ஸ்கேனர் எனப்படும் கைக்கருவியை அருகே கொண்டுவரும்போது, அது எழுப்பும் காந்தப்புலம் கம்பிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, அந்தக் கணநேர சக்தியைக் கொண்டு சிப் தன்னிடமுள்ள எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. மற்ற நேரமெல்லாம் அது செயலற்றுக் கிடக்கிறது. பிராணி இப்போது எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லும் சக்தி அதற்கு உண்டென்று பலர் நம்புவது தவறு. சில அங்குல தூரத்துக்குள் ஸ்கேனர் வந்தாலன்றி அது வாய் திறவாது.

1996இல் வெளியான ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற சர்வதேசத் தரவிதிகளின்படி, இந்த எண் பதினைந்து இலக்கங்கள் கொண்டது. அதைப் படிக்கும் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். முதல் மூன்று இலக்கங்கள் ஒரு தேசத்தையோ சிப்பைத் தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். இந்தியாவின் தேசக் குறி 356, பிரிட்டனுடையது 826, தொள்ளாயிரத்தில் தொடங்கும் எண்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர்களுக்கு உரியவை. எஞ்சிய பன்னிரண்டு இலக்கங்களும் அந்த ஒரு பிராணிக்கே உரியவை. இவ்வளவுதான் அதனுள் உள்ள விஷயம். வளர்ப்பவரின் பெயரோ, முகவரியோ, தொலைபேசி எண்ணோ அதில் இல்லை.

சிப் பொருத்தும் காரியம் சில நிமிஷங்களில் முடிந்துவிடுவதாயினும், முறையறிந்த மருத்துவர் அதை எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. மேஜைமேல் நிறுத்திய நாயின் கழுத்திலிருந்து தோள்கள், விலாப்புறம், முன்னங்கால்கள் வரை ஸ்கேனரை மெல்ல நகர்த்தி, முன்பே பொருத்திய சிப் ஏதேனும் உண்டா என்று முதலில் பார்க்கிறார்; தோலுக்கடியில் சிப் சில சமயம் இடம்பெயர்ந்து விடுவதால், கழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதற்கில்லை. பிறகு, புதிய சிப்பை உறைக்குள் இருக்கும்போதே ஸ்கேனரால் படித்து, உறைமேல் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுகிறார். தோள்களுக்கிடையே தளர்ந்த தோலை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்து, தடுப்பூசிக்குப் பயன்படுவதைவிடச் சற்றுப் பருமனான ஊசியைச் செலுத்தி அழுத்தியதும், சிப் தோலுக்கும் தசைக்கும் இடையே தங்கிவிடுகிறது. ஊசியை எடுத்த பின்பு மறுபடியும் ஸ்கேனர். திரையில் அதே பதினைந்து இலக்கங்கள் தெரிந்தால்தான் திருப்தி. உறையோடு வரும் பார்கோடு ஒட்டுத்தாள்களில் ஒன்று பிராணியின் தடுப்பூசிப் புத்தகத்திலும், மற்றொன்று பதிவுப் படிவத்திலும் ஏறுகின்றன. இந்த இரண்டாவது ஒட்டுத்தாள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதில்தான் மற்றவை அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

அடையாளம் இன்றிச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்பதை வெறிநாய்க்கடி நோய் சம்பந்தமான பிரயாண விதிகள் தெளிவாக உணர்த்துகின்றன. வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வரும் நாயையும் பூனையையும் ஆறு மாத காலம் தனிமைக் காவலில் வைப்பது அந்நாட்டின் நெடுநாளைய வழக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில், குறிப்பிட்ட தேசங்களிலிருந்து வரும் பிராணிகளுக்கு அந்தக் காவல் தளர்த்தப்பட்டபோது, சிப்பும் தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் நிபந்தனைகளாயின. அவற்றுள் சிப் முதலில், தடுப்பூசி அதற்குப் பின்பே என்ற வரிசை வற்புறுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டது இந்தப் பிராணிதான் என்று காட்ட, ஊசி போடும்போதே அதன் உடலில் எண் இருந்தாக வேண்டும் என்பது அதன் நியாயம்.

நாய்க்கு 2016, பூனைக்கு 2024

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல், எட்டு வார வயதுக்குள் ஒவ்வொரு நாய்க்கும் சிப் பொருத்திப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பூனைகளுக்கு இவ்விதி 2024 ஜூன் 10 முதல் அமலுக்கு வந்தது. இருபது வார வயதுக்குள் செய்துவிட வேண்டும். தவறியவருக்கு முதலில் இருபத்தொரு நாள் அவகாசம் தரப்படுகிறது. அதன் பின்னும் செய்யாவிடில் 500 பவுன் வரை அபராதம். பூனை விதி வரவிருந்த சமயத்தில், இங்கிலாந்தின் வளர்ப்புப் பூனைகள் தொண்ணூறு லட்சத்துக்கு மேல் என்றும், அவற்றுள் சிப் இல்லாதவை இருபத்துமூன்று லட்சம் வரை இருக்கலாமென்றும் அரசாங்கம் கணக்கிட்டது. மனிதரை அண்டாமலும் அவர்களை நம்பியிராமலும் பண்ணைகளிலும் பொது இடங்களிலும் தாமாக வாழும் பூனைகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு அளித்தது விவேகமான ஏற்பாடு. பொறுப்பேற்க ஆளில்லாத பிராணிக்காக யார்மீதும் அபராதம் விதிப்பதற்கில்லை.

இவ்விதிகளின் சிறப்பு, சிப் பொருத்துவதோடு அவை நின்றுவிடாததே. பதிவேட்டில் உள்ள விவரம் காலத்துக்கேற்பத் திருத்தப்படாவிட்டால், உடலில் சிப் இருந்தும் அந்தப் பிராணி சிப் இல்லாததாகவே சட்டத்தின் கண்ணுக்குப் படுகிறது. பிராணி கைமாறினால், அதைப் பெற்றுக்கொண்டவர் தம் விவரங்களைப் பதிந்தாக வேண்டும். தத்துவத்தில் குறை காண முடியாத இந்த விதி, நடைமுறையில் எவ்வளவு தூரம் பலித்தது என்பதே ஆராயத்தக்கது.

ஆய்வுகள் காட்டுவன

இவ்விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்காவில் ஓஹையோ மாநில சர்வகலாசாலையைச் சேர்ந்த லிண்டா லார்டும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு. 53 பிராணிக் காப்பகங்களுக்கு வந்துசேர்ந்த, சிப் உடைய 7,704 பிராணிகளின் விவரங்களை அவர்கள் திரட்டினர். வழி தவறி வந்த நாய்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், உரியவரிடம் திரும்பியவை 21.9 சதவீதம், சிப் உடைய நாய்களிலோ 52.2 சதவீதம். பூனைகளின் கதி இன்னும் தெளிவாகப் பேசுகிறது: மொத்தத்தில் வீடு திரும்பியவை 1.8 சதவீதமே, சிப் உடையவற்றில் 38.5 சதவீதம். சிப் பொருத்துபவர்கள் இயல்பாகவே தம் பிராணியை அக்கறையோடு தேடக்கூடியவர்கள் ஆதலால், இந்த வேற்றுமை முழுவதையும் சிப்பின் கணக்கிலேயே எழுதுவது முறையாகாது. ஆயினும் பூனைகளின் விஷயத்தில் காணும் இடைவெளி அத்தகைய விளக்கங்களுக்கெல்லாம் அடங்காத அளவு பெரியது.

இந்த வெற்றிக் கணக்கைக் காட்டிலும், அதே ஆய்வில் உள்ள தோல்விக் கணக்குதான் நமக்கு அதிகம் போதிக்கிறது. சிப் இருந்தும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமற்போனவற்றில், 35.4 சதவீதத்துக்குக் காரணம் தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்தமை, 24.3 சதவீதத்தில் உரியவர் அழைப்புக்கோ கடிதத்துக்கோ பதில் தரவில்லை, 17.2 சதவீதத்தில் சிப் வேறொரு நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தது, 9.8 சதவீதத்தில் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவே இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் காப்பகங்களைப் பற்றி 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதையே உறுதி செய்தது. அங்கே வந்துசேர்ந்த, சிப் உடைய நாய் பூனைகளில் 37 சதவீதத்தின் பதிவு விவரங்களில் பிழை இருந்தது. அப்பிழைகளில் ஏறத்தாழப் பாதி, முன்பு வளர்த்தவரின் பெயரே ஏட்டில் தங்கிவிட்டதால் நேர்ந்தவை. இவ்வளவு தோல்விகளிலும் மின்சுற்றும் கண்ணாடிக் குழாயும் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கின்றன. வீடு மாறியபோதும், தொலைபேசி எண்ணை மாற்றியபோதும், குட்டியை மற்றொருவருக்குக் கொடுத்தபோதும் ஏட்டைத் திருத்த மறந்த மனிதரால்தான் அந்த எண்கள் ஊமையாய்ப் போயின.

இங்கிலாந்தின் குறைகளும் இவ்வழிப்பட்டவையே. அங்கே பதிவேடுகளை நடத்துவது அரசாங்கம் அன்று. தனி நிறுவனங்கள் இருபதுக்கு மேல் அவற்றை நடத்துகின்றன. வழி தவறிய நாயைப் பிடித்த உள்ளூராட்சி அதிகாரி, முதலில் எண் எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டு, பிறகு அந்நிறுவனத்தை அணுகி விவரம் கேட்க வேண்டியிருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய நாய் ஏழு நாள் காவலில் வைக்கப்படும். அதற்குள் யாரும் வந்து கேளாவிடில், அதை மற்றொருவருக்குக் கொடுக்கவோ கொன்றுவிடவோ அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆகவே ஏட்டிலுள்ள பழைய தொலைபேசி எண் ஒன்று, ஒரு பிராணியின் ஆயுளையே நிர்ணயித்துவிடக் கூடும்.

சிப்பைப் படித்துப் பார்க்கும் கடமையும் அங்கே முழுமையாக வகுக்கப்படவில்லை. ஆரோக்கியமான நாயைக் கொன்றுவிடும்படி கேட்டு ஒருவர் கொண்டுவந்தால், மருத்துவர் முதலில் சிப்பைப் படித்து, அந்த நாயை ஏற்றுக்கொள்ள இசைந்த காப்பகம் ஏதேனும் பதிவில் உண்டா என்று பார்க்க வேண்டுமென்று, டக் என்ற நாய் அவ்வாறு பாராமல் கொல்லப்பட்டதன் பின் எழுந்த கிளர்ச்சி வற்புறுத்திற்று. மருத்துவர்களின் தொழில்நெறியில் அதற்கு இடம் கிடைத்தது. சாலையில் நாயை மோதியவர் போலீசாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்; பூனையை மோதியவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இறந்து கிடக்கும் பூனையின் சிப்பைப் படித்து வீட்டாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையும் ஒரு பூனையின் பெயராலேயே அங்கே நெடுநாளாக எழுப்பப்படுகிறது. எண்ணைக் கட்டாயமாக்கிய அரசு, அதைப் படிப்பதையும் கட்டாயமாக்குவது நியாயத்தின் அடுத்த படி.

ஆட்சேபங்கள்

சிப்பினால் பிராணிக்குத் தீங்கு நேருமோ என்ற சந்தேகம் அன்பின் காரணமாக எழுவது. அதற்கு மதிப்பளிக்க வேண்டும். ஊசி ஏறிய இடத்தில் வீக்கமும், சிப் இடம்பெயர்தலும் சில வேளை நேர்கின்றன. கட்டி உண்டான செய்திகள் மிக அரியவை. இங்கிலாந்தின் விதிகள், பயிற்சி பெற்றவரே சிப் பொருத்த வேண்டுமென்றும், பாதகமான விளைவு நேர்ந்தால் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்திருக்கின்றன. பதிவு என்பது மக்களை வேவு பார்க்கும் உபாயம் என்ற ஆட்சேபமும் உண்டு. எண் மட்டும் அறிந்தவனுக்கு வளர்ப்பவரின் முகவரி கிடைத்துவிடாதபடி, அதிகாரம் பெற்றோருக்கே பதிவேடு திறக்கப்படுமானால் இந்த அச்சத்துக்கு இடமில்லை. ஆழ்ந்து கவனிக்க வேண்டியது செலவு பற்றிய ஆட்சேபம்தான். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பமும் ஒரு நாட்டு நாயை அன்போடு வளர்க்கிறது. கட்டணமும் அபராதமும் அத்தகையவர்களைப் பயமுறுத்தி, அந்த நாயை ‘எங்களுடையது இல்லை’ என்று சொல்ல வைக்குமானால், சட்டம் தன் நோக்கத்தையே தோற்கடித்துக்கொள்ளும்.

சென்னையில்

இவ்விசாரம் இன்று சென்னைக்கு மிக நெருங்கிய விஷயமாகிவிட்டது. 2024 மே மாதத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் நகரத்தையே உலுக்கியது. வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெறுவது பற்றி அதுவரை கவலைப்படாதிருந்தோரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினர். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றுடன், 50 ரூபாய் கட்டணத்தில், இணையதளம் வழியாகவே உரிமம் பெற மாநகராட்சி வழி செய்திருந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கி, தவறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. தன் சிகிச்சை மையங்களில் சிப் பொருத்த ஏற்பாடு செய்தது. மக்கள் திரண்டு வந்ததால் கால அவகாசத்தை நீட்டித்தது.

எண்ணும் ஏடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பது, இங்கிலாந்துக்கு வாய்க்காத அனுகூலம். பெருங்கட்டணமின்றித் தொடங்கியிருப்பதும் பாராட்டத்தக்கது. ஆயினும் அந்நாட்டின் அனுபவத்திலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் எஞ்சியிருக்கின்றன. சென்னையில் வாடகை வீட்டில் குடியிருப்போர் மிகப் பலர். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறுவோருக்கு, ஏட்டிலுள்ள முகவரியை மாற்றுவது பால்காரருக்கு முகவரி சொல்வதைவிடக் கடினமாக இருத்தலாகாது. தாம்பரமும் ஆவடியும் தனித்தனி மாநகராட்சிகள். தாம்பரம் எல்லைக்குட்பட்ட பல்லாவரத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய், சென்னை எல்லைக்குட்பட்ட மீனம்பாக்கத்தில் அகப்படுவதற்கு அரை மணி நேரம் போதும். எல்லையைத் தாண்டிய மாத்திரத்தில் அதன் எண் அர்த்தமற்றுப் போகுமானால், நகரத்துக்கொரு பதிவேடு வைத்து ஆகப்போவது சொற்பமே. ஆதலின் மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவேடு வேண்டும். எந்த ஊர் அதிகாரியும் எந்த ஊர் எண்ணையும் அதில் தேடிப் பார்க்க இயல வேண்டும். பிராணிகளை விற்பவரும் குட்டிகளைக் கொடுப்பவரும், வாங்குபவர் பெயருக்குப் பதிவு மாறிய பின்பே அவற்றைக் கைமாற்ற வேண்டும். தெருவே வளர்க்கும் நாய்களையும், வீடுதோறும் சோறு தின்று எவருக்கும் உரிமையாகாத பூனைகளையும் இந்த விதிக்குள் அடைக்காமல், அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் அளிக்கும் பொறுப்பை உள்ளாட்சியே ஏற்க வேண்டும்.

இவை யாவும் அரசாங்கம் செய்ய வேண்டியவை. நம்மில் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக ஆண்டுக்கொரு முறையாவது பிராணியை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். அன்று ஸ்கேனரைக் கொண்டு எண்ணைப் படிக்கும்படி கேட்டு, சிப் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதே நாளில் பதிவேட்டைத் திறந்து, அதிலுள்ள தொலைபேசி எண் நாம் இன்று உபயோகிக்கும் எண்தானா என்று சரிபார்க்கலாம். மருத்துவர்களும் ஊசிக்கு முன் இதைக் கேட்பதைத் தங்கள் வழக்கமாக்கிக்கொண்டால், ஆய்வுகள் காட்டிய தோல்விகளில் பெரும்பகுதி இங்கே நேராமலே தடுக்கப்படும். சிப்பை ஒருமுறை பொருத்தினால் போதும்; பதிவேட்டை மெய்யாக வைத்திருக்கும் கடமையோ அந்தப் பிராணி நம்மோடு வாழும் காலமெல்லாம் தொடர்வது. அதை ஏற்பவரே அந்த ஜீவனுக்கு உரியவர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை முழுமையாகப் பெறுகிறார்.